உங்களுக்குத் தெரியுமா? ஹாம், சலாமி, சாசேஜ்: உள்ளே என்ன இருக்கிறது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெலி கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹாம், சலாமி, மோர்ட்டடெல்லா, பாஸ்ட்ராமி, வான்கோழி நெஞ்சுக்கறி எல்லாம் கட்டி கட்டியாக அடுக்கியிருக்கும். கேட்ட கனத்தில் சீவித் தருவார்கள். ரொட்டிக்கு நடுவில் வைத்து, சமைக்காமல் அப்படியே சாப்பிடுவார்கள். இப்போது நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியிலும் சிக்கன் சலாமி வந்துவிட்டது. பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் சாசேஜ் போகிறது. அதற்குள் என்ன இருக்கிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

★ எந்தக் கறியும் வெந்தால் சிவப்பு போய்ப் பழுப்போ சாம்பலோ ஆகிவிடும். ஹாம் என்ற பன்றித் தொடைக்கறி மட்டும் வெந்த பிறகும் ரோஜா நிறத்தில் இருக்கிறது. அது சாயம் அல்ல, சோடியம் நைட்ரைட் என்ற உப்பின் வேலை. கறிக்குள் போனதும் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, தசைக்குச் சிவப்பைத் தரும் மயோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. சூடு பட்டதும் அந்தச் சேர்க்கை இளஞ்சிவப்பாக நிலைத்துவிடுகிறது. 1901-ல் இதை விளக்கியவர் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். உப்பும் மஞ்சளும் தடவி நாம் வெயிலில் உலர்த்தும் உப்புக்கண்டத்தில் நைட்ரைட் கிடையாது. அது கறுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

★ ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்து வைஸ்வுர்ஸ்ட் சாசேஜ் வெள்ளையாக இருப்பதும் நைட்ரைட் சேர்க்காததால்தான். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அது சீக்கிரம் கெட்டுவிடும். காலையில் செய்ததை நண்பகல் மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

★ நைட்ரைட் தெரியவருவதற்கு முன் பல நூறு ஆண்டுகள் ஐரோப்பியர் கறியில் போட்டது வெடியுப்பு. ஆம், துப்பாக்கி மருந்தில் சேரும் அதே பொட்டாசியம் நைட்ரேட். பீகாரிலிருந்து ஆங்கில, டச்சுக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது பெரும்பாலும் வெடிமருந்துக்குத்தான் என்றாலும், கறிக்காரரின் உப்புப் பீப்பாயிலும் போய்ச் சேர்ந்தது இதே பொருள். பீப்பாயில் இருந்த பாக்டீரியாக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரைட்டாக மாற்றின. 1891-ல் எடுவார்ட் பொலென்ஸ்கே என்ற ஜெர்மன் வேதியியலாளர், வெடியுப்பு மட்டுமே போட்ட உப்புநீரில் நைட்ரைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். உண்மையில் வேலை செய்தது எது என்பது அப்போதுதான் புரியத் தொடங்கியது.

★ நிறத்துக்காக மட்டும் நைட்ரைட் போடுவதாக நினைத்தால் கதையின் பாதி விட்டுப்போகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டவர்களுக்குப் பார்வை மங்கியது, நாக்கு குழறியது, கடைசியில் மூச்சு நின்றது. யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞரும்கூட) நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 1820-லும் 1822-லும் வெளியிட்டார். கெட்ட சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தன் மேலேயே சோதித்தும் பார்த்தார். நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது தெரிய இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், ஓர் இறுதிச் சடங்கில் வாசித்த இசைக்குழுவினர் ஹாம் சாப்பிட்டு நோயுற்றார்கள், மூவர் இறந்தனர். அந்த ஹாமிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்த பாக்டீரியாதான் இன்று கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் எனப்படுகிறது. காற்றுப் புகாத இடத்தில் வளர்வது அதன் இயல்பு. சாசேஜின் உட்பகுதி அதற்குத் தோதான இடம். நைட்ரைட் இருந்தால் அதன் வித்துகள் முளைத்துப் பெருக முடியாது. ஆகவே நைட்ரைட்டை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது நியாயம் இல்லை. உயிர்களைக் காப்பாற்றிய பொருள் அது.

★ ஆனால் அளவு மீறினால் அதுவே நஞ்சு. அதனால்தான் கறிக்கடைக்காரர் தூய நைட்ரைட்டைக் கையாளக்கூடாது, சமையல் உப்போடு கலந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று 1934-ல் ஜெர்மனி சட்டம் போட்டது. அமெரிக்காவில் விற்கும் கலவையில் நைட்ரைட் 6.25 சதவீதம்தான், மீதி சாதாரண உப்பு. சமையல் உப்பு என்று யாரும் தவறாக எடுத்துவிடாமலிருக்க அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஹாமின் நிறத்துக்கும் இந்தச் சாயத்துக்கும் தொடர்பில்லை.

★ அமெரிக்கா நைட்ரைட்டை முறையாக அனுமதித்தது 1925-ல். அரைத்துச் செய்யும் சாசேஜ் வகைகளுக்கு அங்கே உச்சவரம்பு கிலோ கறிக்கு 156 மில்லிகிராம். டென்மார்க் நீண்ட காலமாகப் பெரும்பாலான பொருள்களுக்கு 60 மில்லிகிராமே அனுமதித்து வந்திருக்கிறது. அதனால் அங்கே அந்தப் பாக்டீரியாவின் நஞ்சால் வரும் பொட்டுலிசம் நோய் பெருகவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2025 அக்டோபர் முதல் வரம்பைக் குறைத்திருக்கிறது. குறைத்தாலும் பாதுகாப்பாகச் செய்யலாம் என்பதற்கு டென்மார்க்கை விட வேறு சான்று தேவையில்லை.

★ ஏன் குறைக்கிறார்கள்? நைட்ரைட்டும் புரதச் சிதைவில் வரும் அமீன்களும் சேர்ந்தால் நைட்ரோசமீன் உண்டாகலாம். அவற்றில் பல புற்றுநோய் தரக்கூடியவை. சட்டியில் மொறுமொறுவென வறுக்கும் பேக்கன் என்ற பன்றிக்கறிச் சீவலில் இது நடப்பதை 1970-களில் கண்டார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் பேக்கனுக்கு நைட்ரைட் வரம்பைக் குறைத்து, கூடவே வைட்டமின் சி-யின் நெருங்கிய உறவான எரிதார்பேட்டையோ அஸ்கார்பேட்டையோ சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். நைட்ரோசமீன் உண்டாவதை அவை தடுக்கின்றன.

★ 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டவை அந்தப் பிரிவில் வரும். புகையிலையும் அதே பிரிவுதான். ஒரு துண்டு ஹாமும் ஒரு சிகரெட்டும் சம ஆபத்து என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே இந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்தின் அளவு வேறு கணக்கு. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு, சாப்பிடாதவரை விட ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு முகமை 2022-ல் சொன்ன அறிவுரை, வாரத்துக்கு 150 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது. எப்போதோ ஒரு சாண்ட்விச் சாப்பிட்டவர் அஞ்ச வேண்டியதில்லை. தினமும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதுதான் மாற வேண்டிய பழக்கம்.

★ கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறையவே இருக்கிறது. நம் உமிழ்நீரில் அது நைட்ரைட்டாக மாறவும் செய்கிறது. ஆனால் காய்கறியில் வைட்டமின் சி-யும் வேறு காப்புப் பொருள்களும் கூடவே வருகின்றன. நைட்ரோசமீன் உண்டாவதற்குத் துணைபோகும், கறியின் ஹீம் இரும்பு அங்கே இல்லை. கீரையைக் குறைக்க வேண்டாம்.

★ 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஹாமும் அமெரிக்கக் கடைகளில் உண்டு. அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: 'செலரிப் பொடியில் இயற்கையாக உள்ளது தவிர.' செலரித் தண்டில் நைட்ரேட் மிக அதிகம். அதன் சாற்றில் ஒரு பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, உலர்த்திப் பொடியாக்கிக் கறியில் சேர்க்கிறார்கள். கறிக்குள் போனபின் அதே நைட்ரைட், அதே வேதியியல், அதே இளஞ்சிவப்பு. விலை மட்டும் கூடுதல். வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் எழுத்து இது. அனுமதிக்கக்கூடாதது என்பதே என் கருத்து.

★ நைட்ரைட்டே இல்லாமல் சிவப்பாக இருக்கும் ஹாமும் ஒன்று உண்டு: இத்தாலியின் பார்மா ஹாம். பன்றித் தொடை, கடலுப்பு, மலைக்காற்று, காலம், இவ்வளவுதான். 1993-லிருந்து நைட்ரைட்டுக்கு அங்கே இடமில்லை. முழுத் தொடைக்கு உப்பைக் கையால் தேய்த்துக் குளிரில் வைப்பார்கள்; பிறகு கழுவி, தோல் மூடாத சதைப்பகுதியில் பன்றிக்கொழுப்புப் பூச்சு பூசித் தொங்கவிடுவார்கள். குறைந்தது 14 மாதம் கழித்து, குதிரை எலும்பில் செய்த மெல்லிய ஊசியைத் தொடையின் ஐந்தாறு இடங்களில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பார் ஒரு நிபுணர். கெட்டது எது, பக்குவப்பட்டது எது என்பதை மூக்கு சொல்லிவிடும். தேறியதற்கு ஐந்து முனைக் கிரீட முத்திரையைச் சூடுபோட்டுப் பதிப்பார்கள். அந்த நிறம் எப்படி வந்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது: மயோகுளோபினின் நடுவில் உள்ள இரும்பு விலகி, அந்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்து சிவப்பைத் தருகிறது.

★ நீண்ட நாள் பக்குவப்பட்ட ஹாமின் துண்டில் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் பூஞ்சை என்று எறிந்துவிடாதீர்கள். புரதம் உடைந்து திரண்ட டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள் அவை.

★ உப்பு மட்டும் போட்டது என்பதால் பார்மா ஹாமுக்குப் புற்றுநோய் எச்சரிக்கையிலிருந்து விலக்கு எதுவும் இல்லை. உப்பிடுதல், ஊறவைத்தல், புளிக்கவைத்தல், புகையூட்டல் ஆகிய எந்த வழியில் சுவையோ ஆயுளோ கூட்டியிருந்தாலும் அது பதப்படுத்திய இறைச்சி என்பதே புற்றுநோய் ஆய்வு முகமையின் இலக்கணம். அந்த இலக்கணத்தில் உப்புக்கண்டமும் அடங்கும்.

★ பன்றியின் தொடை சதுரமாக இருக்காது. சாண்ட்விச் ஹாம் மட்டும் ரொட்டியின் அளவுக்குச் சதுரமாக இருக்கிறது. எப்படி? எலும்பு நீக்கிய தசைகளை ஒரு பட்டையில் அனுப்புவார்கள். மேலிருந்து வரிசை வரிசையாக ஊசிகள் இறங்கி உப்புநீரைச் செலுத்தும். அந்த நீரில் உப்பு, சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரைட், எரிதார்பேட் கரைந்திருக்கும். பிறகு காற்று உறிஞ்சிய பெரிய உருளைக்குள் கறியைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். கறி மோதி மோதி இளகும். உப்பில் கரையும் மயோசின் என்ற புரதம் வெளியே கசிந்து பசைபோல மேலே படியும். அதை அச்சில் அழுத்தி, நடுப்பகுதி ஏறத்தாழ 70 டிகிரி எட்டும்வரை வேகவைத்தால், பசை இறுகித் துண்டுகள் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். ஒரு சீவலில் பல பன்றிகளின் தசை இருக்கலாம். வான்கோழி நெஞ்சுக்கறிக் கட்டிகள் பலவும் இதே வழியில் பிறந்தவை.

★ அந்த உப்புநீரின் எடைக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கொழுப்பைக் கழித்துப் பார்க்கும்போது புரதம் 20.5 சதவீதம் இருந்தால் 'ஹாம்' என்று மட்டும் எழுதலாம். 18.5 என்றால் 'இயற்கைச் சாறுடன்'. 17 என்றால் 'நீர் சேர்த்தது'. அதற்கும் கீழே போனால் 'ஹாம் மற்றும் நீர்' என்று எழுதி, எத்தனை சதவீதம் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பாக்கெட்டிலும் இப்படி ஒரு வரி வந்தால் வாங்குபவருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

★ செலுத்திய நீர் வெளியே கசியாமல் பிடித்துவைக்க ஸ்டார்ச், சோயாப் புரதம், பால்பொடி எல்லாம் சேர்ப்பதுண்டு. இன்னொன்று கேரஜீனன், செந்நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. இதற்கான காப்பாஃபைகஸ் என்ற பாசியை ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் கடலோரங்களில் சுயஉதவிக் குழுப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே இந்தப் பாசி பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் வருமானமும் வேண்டும், பவளமும் பிழைக்க வேண்டும்.

★ ஹாட் டாக், பொலோனா போன்ற சாசேஜ் வகைகள் வேறு சாதி. இங்கே கறியை இழையே தெரியாமல் விழுதாக்குகிறார்கள். பெரிய வட்டத் தட்டு சுழலும். அதற்குள் கூரிய கத்திகள் அதைவிட வேகமாகச் சுழலும். முதலில் கொழுப்பில்லாத கறியும் உப்பும், அப்புறம் கொழுப்பு. கூடவே ஐஸை அள்ளிக் கொட்டுவார்கள். நீருக்காக மட்டும் அல்ல, கத்தியின் உராய்வுச் சூட்டில் கொழுப்பு உருகாமலிருக்கவும் ஐஸ் வேண்டும். கொழுப்பின் ஒவ்வொரு துளியையும் கரைந்த புரதம் சுற்றிப் போர்த்த வேண்டும். சூடு ஏறிவிட்டால் அந்தப் போர்வை கிழிந்து, வேகும்போது எண்ணெய் பிரிந்து நிற்கும். அமெரிக்க விதிப்படி இவற்றில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கொழுப்பும் சேர்த்த நீரும் கூடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்னொரு வகையில் சொன்னால், எடையில் ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பும் சேர்த்த நீருமாக இருக்கலாம்.

★ சாசேஜின் தோல் ஆட்டுக்குடல் அல்லது பன்றிக்குடலாக இருக்கலாம். மாட்டுத்தோலின் கொலாஜனிலிருந்து செய்ததாகவும் இருக்கலாம். தோலே இல்லாததும் உண்டு. சிகாகோவில் எர்வின் ஃப்ராய்ண்ட் 1920-களில் செல்லுலோஸ் உறையைக் கொண்டுவந்தார். விழுதை அதற்குள் அடைத்து வேகவைத்தால் மேற்பரப்பு இறுகி உருவம் நிற்கும். பிறகு இயந்திரம் உறையைக் கீறி உரித்து எறிந்துவிடும்.

★ 'இயந்திரத்தால் பிரித்த கோழி இறைச்சி' என்று பாக்கெட்டில் இருந்தால் பொருள் இதுதான்: நல்ல கறியை வெட்டியெடுத்தபின் எலும்புக்கூட்டில் ஒட்டியிருப்பதை, எலும்போடு சேர்த்து அழுத்தி, சல்லடை வழியாகப் பிழிந்தெடுத்த விழுது. விலை மலிவு. அமெரிக்காவில் 1996-லிருந்து இதைப் பெயர் சொல்லி அச்சிட்டாக வேண்டும். மாட்டிலிருந்து இப்படி எடுப்பதை, பித்துப்பிடித்த மாட்டு நோய் பயத்தால், மனித உணவில் 2004-ல் தடைசெய்துவிட்டார்கள்.

★ பொலோன்யா நகரத்தின் மோர்ட்டடெல்லா, பொலோனாவின் மூதாதை. நன்றாக அரைத்த பன்றிக்கறி விழுதில், பன்றியின் கழுத்துக் கொழுப்பைச் சதுரமாக வெட்டிக் கலப்பார்கள்; சீவும்போது தெரியும் வெள்ளைக் கட்டங்கள் அவைதாம். 1661-லேயே அதன் செய்முறையைக் காக்க ஓர் ஆணை பிறந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அச்சத்தால் 1967 முதல் 2000 வரை அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்திருந்தது. மோர்ட்டடெல்லாவோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் பெண்ணாக சோஃபியா லாரன் 1971-ல் ஒரு படத்தில் நடித்தார்.

★ அசல் சலாமி வேகவைக்கப்படுவதே இல்லை. கொத்திய கறியில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து லாக்டிக் அமில பாக்டீரியாவை வளரவிடுகிறார்கள். அமிலம் ஏறுகிறது, ஈரம் வடிகிறது. கெடுக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. மேலே படியும் வெள்ளை மாவு, வேண்டுமென்றே வளர்த்த பெனிசிலியம் வகைப் பூஞ்சை. நம் கடைகளில் சிக்கன் சலாமி என்று விற்பது பெரும்பாலும் வேகவைத்த விழுது. இந்தப் புளிப்பும் காத்திருப்பும் அதில் இல்லை.

★ புகைவாசம் என்றால் புகைபோட்டது என்று நினைக்க வேண்டாம். விறகுப் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் புட்டியில் விற்கும் வழியை 1895-ல் கான்சாஸ் நகரத்து எர்னஸ்ட் ரைட் தொடங்கிவைத்தார்.

★ சீவிய ஹாமின் மேல் பச்சையும் ஊதாவுமாக வானவில் மினுக்கம் தெரிவதுண்டு. கெட்டதற்கு அடையாளம் அல்ல; குறுக்கே வெட்டுப்பட்ட தசை இழைகளில் ஒளி பட்டுச் சிதறுவது. கெட்டதை வழவழப்பும் புளித்த வாடையும்தான் காட்டிக்கொடுக்கும்.

★ கறியைத் தாள்போலச் சீவும் இயந்திரத்தை 1898-ல் செய்தவர் ராட்டர்டாமைச் சேர்ந்த கறிக்கடைக்காரர் வில்ஹெல்மஸ் வான் பெர்கெல். அந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்களே பின்னாளில் ஓர் ஆபத்துக்கும் இடம் கொடுத்தன. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரிக் குளிரிலும் வளரும்; உப்பையும் தாங்கும். ஆலையில் வெந்தபோது செத்தாலும், சீவும்போதும் பொட்டலம் கட்டும்போதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். 2008-ல் கனடாவின் ஓர் ஆலையில், சீவும் இயந்திரங்களின் உட்புறத்தில் அது பதுங்கியிருந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2024-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓர் ஆலையிலிருந்து வந்த ஈரல் சாசேஜால் 10 பேர் இறந்தனர். இவற்றையெல்லாம் விடப் பெரியது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2017, 2018-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 216 பேர் இறந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் அன்றாட உணவான போலோனி என்ற மலிவு சாசேஜ்தான் காரணம் என்று 2018 மார்ச்சில் அரசு அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் பச்சிளங்குழந்தைகள். தாய் சாப்பிட்டது, வயிற்றிலிருந்த சிசுவைத் தாக்கியது.

★ இதற்கு மருந்தும் தேடுகிறார்கள். லிஸ்டீரியாவை மட்டும் கொல்லும் வைரஸ்களைக் கறியின் மேல் தெளிக்க அமெரிக்கா 2006-ல் அனுமதித்தது. பொட்டலம் கட்டிய ஹாமைத் தண்ணீருக்குள் வைத்து, கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல ஆறாயிரம் மடங்கு அழுத்தம் கொடுத்துக் கிருமியைக் கொல்லும் முறையும் நடைமுறையில் இருக்கிறது.

★ பாக்கெட்டைத் திருப்பினால் எண்கள் இருக்கும். 250 சோடியம் நைட்ரைட், 316 எரிதார்பேட், 407 கேரஜீனன், 451 பாஸ்பேட். பொருள்களின் பெயர்கள் எடை இறங்கும் வரிசையில் இருக்கும். கறிக்கு அடுத்து நீரும் ஸ்டார்ச்சும் வந்தால் என்ன வாங்குகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். சோடியத்தையும் பாருங்கள்: 100 கிராம் ஹாமில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். பெரியவர் ஒரு நாளுக்கு 2 கிராமுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

★ வீட்டில் கர்ப்பிணியோ, முதியவரோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள். சாசேஜையும் ஹாமையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்காதீர்கள். ஆவி பறக்க, உள்ளே 74 டிகிரி எட்டும்வரை சூடாக்கிய பிறகே பரிமாறுங்கள்.